கோமதி அக்கா எழுத மறுத்த சொல்

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குச் சற்று முன்பு யாரோ ஒரு மங்கலான படத்தைப் போட்டு, இது என்ன பறவை என்று கேட்டிருந்தார்கள். அடுத்த வரி ரகுராமன் சாருடையது. கோமதி நேற்று மருத்துவமனையில் காலமாகிவிட்டார், அவருடைய அண்ணன் அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பிவிட்டார், மற்ற விவரம் பிறகு. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. மங்கலான பறவை என்னவென்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் கோமதி அக்காதான்.

நான் ஜனக்புரியில் மெட்ரோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். வண்டி வந்தது. ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

உங்களில் பலர் அவருடன் நடந்திருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காக: கோமதி அக்கா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஆங்கிலச் சுருக்கெழுத்தாளர். அலுவலகம் லோதி ரோடில். வீடு சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், தரைத்தளம், தனியாக. ஞாயிறுதோறும் பறவை பார்க்கக் கூடும் தமிழர்களின் சிறு குழு ஒன்றில் அவர் பழைய உறுப்பினர். ரகுராமன் சார் அதன் அமைப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் கடைசியாகச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எதைப் பற்றி என்று அக்கா மட்டும் கேட்கவே இல்லை. அதனாலேயே அவர் பக்கத்தில் நடக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

லோதி தோட்டத்தில் ஒரு பழைய கல்லறை மண்டபம். சுவர்ப் பொந்தில் ஒரு தலை தெரிந்தது. கிளி என்றேன். எந்தக் கிளி என்று கேட்டார். பச்சைக்கிளி என்றேன். அவர் தொலைநோக்கியைக் கீழே இறக்கினார். பையிலிருந்து பேனா எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் சாய்வாக இரண்டு கோடு போட்டார். ஒன்று மெல்லியது, ஒன்று அழுத்தியது.

“மெல்லிசாப் போட்டா P. அதே கோட்ட அழுத்திப் போட்டா B. சுருக்கெழுத்துல அப்படி. நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ‘ப’தான். கிளியையும் நாம அப்படித்தான் வச்சிருக்கோம் பிள்ள.”

மெல்லிய கோடு, செந்தார்ப் பைங்கிளி. தில்லியில் எங்கும் இருப்பது. மின்கம்பியில், மசூதி மாடத்தில், சிக்னலில் நிற்கும் பேருந்தின் மேல். குரல் கீச்சென்று கூரானது. அழுத்திய கோடு, பெரிய பைங்கிளி. உடல் பெரிது. அலகு இன்னும் பெரிது, முகத்துக்குப் பொருந்தாத அளவுக்கு. குரல் தொண்டையடைத்தது போல இருக்கும். தோளில் ஒரு சிவப்புத் திட்டு, ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தில்லிக்காரர்களுக்கு முதலாவது ‘தேசி’, நாட்டுக்கிளி; இரண்டாவது ‘பஹாடி’, மலைக்கிளி. இரண்டையும் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். இரண்டையும் வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பேசும் என்ற பெயர் பெரியதற்கு. அதனால் அதன் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுப்பது காலம் காலமாக நடக்கிறது. பொந்துள்ள மரங்களும் குறைகின்றன. உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அது ஆபத்தை நெருங்கும் இனம். சின்னது அதே பட்டியலின் மிகக் குறைந்த படியில் இருக்கிறது.

இந்தப் படிகளுக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டியிருந்தது. குழுவுக்காக ஒரு சிறிய துண்டறிக்கை. நானும் அவரும் ஒரு மதியம் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். சின்னதுக்கு ‘கவலை தேவையற்ற இனம்’ என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, அப்படி யார் சொன்னது என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருப்பது குறைந்தபட்சக் கவலை, கவலையே வேண்டாம் என்று அதில் இல்லை என்றார். நான் தமிழில் அது நன்றாக ஒலிக்கவில்லை என்றேன். “ஒலிக்காண்டாம். உள்ளதச் சொன்னாப் போதும்.” கடைசியில் ‘குறைந்த கவலைக்குரியது’ என்று வைத்தோம். இன்றும் அது நன்றாக ஒலிக்கவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததாக ஒரு கதை சொல்வார். அதிகாரி ஒருவர் அறைக்குள் நடந்துகொண்டே கடிதம் சொல்வாராம். நடுவில் பியூனிடம் டீ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இவர் அதையும் எழுதிக்கொண்டார். தட்டச்சிலும் அது வந்துவிட்டது. அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். “இன்னொரு மினிஸ்ட்ரிக்கு நாங்க டீ கேட்டு லெட்டர் போட்டுட்டோம். அவங்களும் பதில் போட்டாங்கல்லா, விஷயம் பரிசீலனையில் இருக்குன்னு.” பதில் வந்த பகுதியை அவரே சேர்த்திருக்கலாம். கேட்டதற்கு, அது கதை, கதையில் சேர்க்கலாம் என்றார்.

ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் கிளிக் கணக்கெடுப்பு. மாலையில் அவை அடையும் மரங்களின் கீழ் நின்று எண்ணுவோம். கூட்டமாக வரும், வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும். ரகுராமன் சாரின் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருந்தன, சின்னது, பெரியது. கோமதி அக்கா மூன்றாவதாக ஒன்று கேட்டார், எதுவெனத் தெரியாத கிளி. சேர்த்தார்கள். அந்த ஆண்டு மூன்றாவது பத்திதான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது. வெளியில் காட்டினால் நமக்குக் கிளியே தெரியாது என்று சிரிப்பார்கள் என்றார் ரகுராமன் சார். இருட்டில் நமக்குத் தெரியாதுதானே சார் என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். ரகுராமன் சாரும்.

இனி சொல்லப்போவதுதான் உங்களில் பாதிப் பேருக்கு அவர்மீது வருத்தம் உண்டாக்கிய விஷயம். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

சரோஜினி நகரில் பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்டும் வேலை அவர் வரிசையை நெருங்கியிருந்தது. பக்கத்து வீடுகள் காலியாகிவிட்டன. அவருக்கும் வேறிடம் ஒதுக்கிவிட்டார்கள், போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய அர்ஜுன் மரம். அவர் அதை மருதமரம் என்பார். வெட்ட வேண்டிய மரங்களில் அதற்கும் எண் போட்டிருந்தார்கள். அந்த ஜனவரி மாதம் மரத்தின் பொந்தில் ஒரு கிளி ஜோடி வந்து சேர்ந்தது. மார்ச்சில் உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடிவிட்டுக் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன். அந்த மரம் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பிய அளவுக்கு வேறு யாரும் விரும்பியிருக்க முடியாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ரகுராமன் சார் ஒரு நாள் வந்து படம் எடுத்தார். பொந்தின் விளிம்பில் ஒரு கிளி, தோளில் சிவப்பு. குழுவில் போட்டார். பெரிய பைங்கிளி. ஆபத்தை நெருங்கும் இனம். அது கூடு வைத்திருக்கும் மரத்தை அவ்வளவு எளிதாக வெட்ட முடியாது, செய்தித்தாளுக்குப் போகலாம், வனத்துறைக்கு எழுதலாம். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். கோமதி அக்கா எதுவும் போடவில்லை.

அன்று மாலையே ரகுராமன் சார் அக்கா வீட்டில் உட்கார்ந்து மனுவைச் சொல்லத் தொடங்கினார். குழுவின் கடிதங்கள் எப்போதும் அப்படித்தான் உருவாகும். அவர் சொல்வார், அக்கா சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, செயலாளர் என்று கையெழுத்தும் போடுவார், கீழே ரகுராமன் சாரும் போடுவார். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தின் இடம், சுற்றளவு, பொந்தின் உயரம். பிறகு அவர் பறவையின் பெயரைச் சொன்னார். பென்சில் நின்றது.

“மேல சொல்லுங்க சார். இந்த வார்த்தைய மட்டும் நான் எழுதல.”

ரகுராமன் சார் முதலில் விளங்காமல் பார்த்தார். ஸ்பெல்லிங் சந்தேகம் என்று நினைத்து எழுத்து எழுத்தாகச் சொன்னார். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அது சின்னதுதான் என்றார். ஜோடியில் ஒன்றுக்கு மட்டுமே சிவப்பு இருக்கிறது, பெரியது என்றால் இரண்டுக்கும் இருக்க வேண்டும். அலகு சின்னது. குரல் சின்னது. சிவப்பும் திட்டாக இல்லை, சிறகில் வழிந்திருக்கிறது. கூண்டுக் கிளி விற்பவர்கள் தேசிக் கிளியின் தோளில் சாயம் பூசி பஹாடி என்று விற்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரோ வாங்கியது தப்பியிருக்கும், இல்லை விட்டிருப்பார்கள். இறகு உதிர்ந்து முளைத்தால் சாயம் போய்விடும்.

“அச்சா. இருக்கட்டும். ஆனா போட்டோல சிவப்பு இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்.”

“அது போதும். பாக்க வர்றவனுக்கு உங்க அளவுக்குத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை, கோமதி. உங்க மரம்.”

“முப்பது வருஷமா அடுத்தவங்க சொன்னதத்தான் எழுதுதேன். பொய்யும் எழுதிருக்கேன். அதுல அவங்க கையெழுத்து இருக்கும். இதுல என் கையெழுத்துல்லா.”

“மரத்தக் காப்பாத்த வந்தீங்களா, வெட்ட வந்தீங்களா?”

“நான் கிளியப் பாக்க வந்தேன் சார்.”

நான் அங்கே இருந்தேன். ரகுராமன் சார் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். அந்த மரம் நிஜம், உள்ளே கேட்ட சத்தம் நிஜம், ஒரு பெயர் மட்டும்தான் பொய். அவர் கிளம்பிப் போன பிறகு அதையே அக்காவிடம் சொன்னேன். அக்கா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டியை ஓரமாக வைத்தார்.

“பெருசுன்னு சொன்னாத்தான் விடுவான்னா, சின்னதுன்னா வெட்டலாம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும். இந்த ஊர்ல இருக்கதெல்லாம் சின்னதுதான பிள்ள.”

மனு பறவையின் சரியான பெயரோடு போனது. ரகுராமன் சார் அதில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் நடைக்கு வரவில்லை.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். நடுவயது, அமைதியானவர். அன்று ரகுராமன் சாரும் வந்து சற்றுத் தள்ளி நின்றார். படத்தின் நகல் அதிகாரிக்கும் எப்படியோ போயிருந்தது. கைபேசியில் அதைக் காட்டி, பஹாடி தானே என்று இந்தியில் கேட்டார். அந்த இடத்தில் ஆமாம் என்று தலையசைத்தாலே போதும். யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை.

“நஹி சார். தேசி ஹை. ரங் லகா ஹுவா ஹை.”

தேசிக் கிளிதான், சாயம் பூசியது என்று சொல்லிவிட்டார். அதிகாரி மரத்தைப் பார்த்தார். தேசி எல்லா இடத்திலும் இருக்கிறதே என்றார். அதில் கிண்டல் இல்லை. எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால்தான் இங்கேயும் இருக்கிறது என்று அக்கா இந்தியிலேயே பதில் சொன்னார். பிறகு, உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன, அவை வெளியே வரும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். மரத்தை விட்டுவைக்கும்படி கேட்கவில்லை. அதைக் கேட்க இனி தன்னிடம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். வெட்டும் வரிசையில் அந்த மரத்தைக் கடைசியில் வைக்க முடியும், அவ்வளவுதான் முடியும் என்றார். அவர் ஏன் அதைச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. உண்மை பேசியதற்குக் கிடைத்த பலன் என்று அப்போது குழுவில் உங்களில் சிலர் எழுதினீர்கள். வேறு யாருக்கும் சிரமமில்லாத உதவி என்பதாலும் செய்திருக்கலாம். அக்கா அவருக்கு நன்றி சொன்னார். ரகுராமன் சார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பிறகு நடந்தது சொற்பம். ஏப்ரலில் மற்ற மரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மருதமரம் நின்றது. பொந்தின் வாயில் ஒரு குஞ்சின் தலை தெரிவதாக அக்கா குழுவில் எழுதினார், பிறகு இரண்டாவது தலை. ஒரு நாள் அலுவலகம் போய்விட்டு மாலையில் திரும்பியபோது சத்தம் இல்லை. மறுநாள் காலை அந்த ஜோடியும் வரவில்லை. தெருவில் வேலை செய்துகொண்டிருந்த மின்பணியாளர் ஒருவரை ஏணியோடு கூட்டிவந்தார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காலி மேடம் என்றார். மே மாதம் மரத்தை வெட்டினார்கள். அதற்கு முன்பே அக்கா வீட்டைக் காலி செய்திருந்தார்.

குஞ்சுகள் வெற்றிகரமாகப் பறந்தன என்று குழுவின் ஆண்டறிக்கையில் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பறக்கும் வயதுதான், இறகு முளைத்திருந்தது, வேறு எப்படி இருக்க முடியும் என்றும் சொன்னேன். பறந்திருக்கலாம், யாராவது கையை விட்டு எடுத்திருக்கலாம், அந்தப் பக்கம் புதிய ஆட்கள் நிறைய நடமாடினார்கள், நாம் யாரையும் சொல்ல முடியாது என்றார். பொந்து காலியாக இருந்தது என்று போடச் சொன்னார். அதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மட்டும் அந்த நாளில் விடுப்பு எடுத்திருந்தால் என்று நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை.

ரகுராமன் சார் அந்தக் குளிர்காலக் கணக்கெடுப்பில் மறுபடியும் வந்து சேர்ந்தார். அக்கா தெர்மாஸிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். இருவரும் எதுவும் நடக்காதது போல வெளிச்சம் பற்றியும் பனிப்புகை பற்றியும் பேசினார்கள். அக்கா படுத்தபோது மருத்துவமனைக்குக் கடைசிவரை போய்வந்தவரும் ரகுராமன் சார்தான். எங்களில் பலர் ஒருமுறை போனோம்.

இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னிடம் சொன்னதும் அவர்தான். தொலைபேசியில் கூப்பிட்டார். அஞ்சலிக் கூட்டத்திலும் இதைத்தான் வாசிக்கப்போகிறோம், அவருடைய அண்ணன் இருப்பார், ஊர்க்காரர்கள் இருப்பார்கள் என்றார்.

“கோமதி காப்பாத்தின குஞ்சுகள்னு ஒரு வரி போடும்மா. இனிமே யாருக்கு என்ன நஷ்டம்? அவங்க அண்ணன் சந்தோஷப்படுவார்.”

சரி சார் என்றேன். உட்கார்ந்து அந்த வரியை எழுத முயன்றேன். நல்ல வரி. அக்காவுக்குப் பொருத்தமான முடிவும்கூட. அண்ணனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்பதும் உண்மை. ரகுராமன் சாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வரியைப் போடவில்லை.

ஒரு கிளி ஜோடி. சின்ன வகை, குறைந்த கவலைக்குரியது. பொந்தில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்காக ஒரு மரம் சில வாரம் கூடுதலாக நின்றது. கடைசி நாளில் பார்க்க யாரும் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கோமதி அக்காவுக்கும் தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான், இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது.